மூன்று பேரும் ஒரே படத்தில்

ஒஃபேலியா கின்டனார் எல் பாசோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பேருந்தை டிப்போவில் விட்ட மறுநிமிடம் போனும் கையுமாக மலையேறிவிடுவாள். வெண்மணல் மேடுகள், ஹுவெக்கோ பாறைகள், மார்ச்சில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அடிவாரம் என்று எதையும் விட்டதில்லை. நின்ற இடத்திலேயே போனோடு மெல்லத் திரும்பி, ஒரே நீளப் படமாக எடுத்துத் தள்ளுவாள். டிப்போ சுவர் முழுக்க அவள் படங்கள்தான். ஆனால் பெற்ற தாய் ஆசைப்பட்ட ஒரே ஒரு படம் ஒன்பது வருஷமாக அமையவில்லை. என்ன கொடுமை பாருங்கள்!

அம்மா ரெஃபூஹியோவுக்கு மகளும் மகனும் தானும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். மகன் நசாரியோவை எல்லை ஆற்றுக்கு அந்தப்பக்கம், அடுத்த நாட்டு ஹுவாரெஸுக்கு நாடுகடத்திவிட்டார்கள். அவன் இங்கே வரக்கூடாது. இந்த நாட்டில் தங்க அம்மாவிடம் அரசாங்கக் காகிதம் இல்லை, எல்லைப் பாலம் தாண்டினால் திரும்ப முடியாது. தனித்தனிப் படங்களைச் சேர்த்துத் தருகிறேன் என்றாலும் மசியமாட்டாள்.

"ஒட்டுப்போட்டதை நீயே வச்சுக்கடி."

அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒஃபேலியாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. மலைச்சாலை வளைவில் நின்றால் இரண்டு ஊரும் ஒன்றாகத் தெரியும். நசாரியோ தன் மொட்டைமாடியில் அலமாரிக் கண்ணாடியைத் தூக்கி, வெயிலை அக்கா பக்கம் திருப்ப வேண்டும். அவ்வளவு தூரத்தில் ஆள் தெரியமாட்டான், வெளிச்சம் தெரியும். ஆள் கனம் கனக்கும் கண்ணாடி. பத்து எண்ணும்வரைதான் கை தாங்கும். அதனால், "சரியா அஞ்சு மணிக்கு இடதுபக்கத்திலிருந்து திரும்புவேன், கணக்குப் பண்ணித் தூக்கு" என்று முன்தினமே சொல்லிவைத்தாள்.

ஐந்து மணி. அம்மா கைப்பிடிச்சுவரின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒஃபேலியாவின் நிழல் அவள் மடியில் விழுந்தது. நிழலாகவாவது தானும் படத்தில் வரட்டும் என்றுதான் அப்படி நின்றாள். அம்மாவில் தொடங்கித் திரும்பினாள். நசாரியோவின் தெரு வந்தது, போனது. வெளிச்சம் இல்லை. எல்லாம் முடிந்து கையை இறக்கிய பிறகு பளீரென்று அடித்தான் புண்ணியவான். உடனே கூப்பிட்டாள்.

"டேய், தூங்கிட்டியா? இடதுபக்கம்னு சொன்னேன்ல?"

"என் இடதுபக்கம்னு நினைச்சேன்க்கா! அப்படின்னா நான் கடைசியிலதானே வருவேன்?"

"படம் எடுக்கிறது நீயா, நானா?"

"நீ என்னைப் பாத்து நிக்கிற, நான் உன்னைப் பாத்து நிக்கிறேன். இதுல யாரோட இடதுன்னு..."

பேச்சு அறுந்தது. இந்த வளைவில் போன் அடிக்கடி அந்த நாட்டு செல்போன் டவருக்குத் தாவிவிடும். மறுபடி அடித்தாள், போகவில்லை. வெயில் ஹுவாரெஸ் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மலைநிழல் அவன் தெருவை நெருங்கிவிட்டது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் நேரம். 'கிழக்கிலிருந்து. இப்பவே' என்று எழுதி அனுப்பினாள். போனதா இல்லையா, கடவுளுக்கே வெளிச்சம்.

"எடுடி, அவன் தூக்குவான்" என்றாள் அம்மா.

ஒஃபேலியா திரும்பினாள். அம்மா, மடியில் நிழல், கூரைகள், ஆறு, அப்புறம் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி.

"படத்துல விழுந்துட்டான்மா! விழுந்துட்டான்!" என்று கத்தினாள்.

அம்மா போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். புள்ளி நகம் அளவுக்கு வந்தது. வெறும் வெள்ளை, உள்ளே ஒன்றும் இல்லை. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப மெலிஞ்சுட்டான்" என்றாள்.