எங்கள் தெரு, அன்று

என்னைப் பெண் கேட்டு விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வந்தவர்கள், வாங்கிய பூவைப் பஸ்ஸிலேயே மறந்துவிட்டு வந்தார்கள். ஆனால் என் மாமனார் தபால் கார்டுகளை மறக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் அச்சடித்த, படம் போட்ட கார்டுகள். ரயில்வே ஸ்டேஷன், மாதா கோயில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஒரு தெரு. தன் நாட்டுக்குத் திரும்பிப் போன வெளிநாட்டுச் சாமியார் ஒருவர், பெட்டியைக் காலி செய்யும்போது அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், குடிப்பழக்கம் உண்டா என்று என் அப்பா வாயெடுக்கும்போதெல்லாம் ஒரு கார்டை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இது எங்க ஸ்டேசன். அஞ்சு பக்கமும் ரயிலு போவும். இது எங்க தெரு. நம்ம வூடு இந்த மரத்துக்குப் பின்னால கீது. மரம் மறைச்சிக்கினு நிக்குது."

அப்பா பார்த்தார். அகலமான தெரு, இரண்டு பக்கமும் புளியமரம், நடுவில் ஒரே ஒரு மாட்டுவண்டி. அந்த நிழலில் மகள் நடந்து போவதாக நினைத்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டார். மாப்பிள்ளை வீட்டை நேரில் போய்ப் பார்க்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டார். அதான் படத்திலேயே பார்த்தாச்சே! மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, பூசை வைத்து, கல்யாணம் முடிந்தது. தபால் கார்டைப் பார்த்துப் பெண்ணைக் கொடுத்த மகராசன் என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார்.

வந்து பார்த்தால் தெருவில் ஆட்டோ நுழைந்தாலே எதிரில் வருகிறவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும். வீடுகள் எல்லாம் சாக்கடையைத் தாண்டி வந்து தெருவில் காலை நீட்டிக்கொண்டிருந்தன.

"மரம் எங்க மாமா?" என்று கேட்டேன்.

"மரம் பூடுச்சிம்மா. வூடு கீதில்ல?"

இது 1993. அந்த வருஷம்தான் விழுப்புரம் தனி மாவட்டமாகித் தலைநகரும் ஆனது. ரயில்வே பார்சல் ஆபீஸில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டி ஓய்வு பெற்ற என் மாமனார், கலெக்டர் வேலையே தனக்குக் கிடைத்துவிட்ட மாதிரி நடக்க ஆரம்பித்தார். கார்டுகளை எல்லாம் கோந்து தடவி அட்டையில் ஒட்டி, கண்ணாடி போட்டு, ஹாலில் வரிசையாக மாட்டினார். பால்காரர் முதல் கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் வரை யாரும் அதைப் பார்க்காமல் வெளியே போக முடியாது. என் ஊர் பேச்சு வந்தால் போதும், பிடித்துக்கொள்வார்.

"ஒங்க ஊரு இன்னா ஊரும்மா? ஒரு பஸ் ஸ்டாண்டு உண்டா? பஸ்ஸு எங்க நிக்கும்னு பஸ்ஸுக்கே தெரியாது."

"ஒங்க ஊர்ல ரயிலு நிக்குதுதான் மாமா. ஆனா எறங்கறவங்க எல்லாம் வேற ரயிலு ஏறத்தான எறங்கறாங்க?"

அத்தை அடுப்படியில் இருந்து சிரிப்பார். என் வீட்டுக்காரர் சிரிக்கவும் மாட்டார், தடுக்கவும் மாட்டார். பேப்பரை மடித்து அடுத்த பக்கம் படிப்பார்.

அந்தத் தெருப் படத்தை மட்டும் நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. தெருவின் கடைசியில், மரங்களுக்கு மேலே, கறுப்பாக ஒரு பாறைக்குன்று எட்டிப் பார்த்தது. விழுப்புரமோ தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். இங்கே பாறை எங்கிருந்து வரும்? எங்கள் பக்கம்தான் திரும்பின இடமெல்லாம் பாறை. புளியமரத்துக்கும் அங்கே குறைச்சல் இல்லை.

"மாமா, இது எங்க ஊரு தெரு. பாறை தெரியுது பாருங்க."

"அது மேகம்மா."

"மேகம் இவ்ளோ கறுப்பாவா இருக்கும்?"

"மழ மேகம்."

மாட்டுவண்டிக்காரன் வெயில் தாங்காமல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போகிறான். இவருக்கு மழை மேகமாம்! கார்டின் பின்பக்கத்தில் ஊர்ப் பெயர் அச்சடித்திருக்கும், பிரித்துப் பார்த்துவிடலாம் என்றேன். "பிரிச்சா கிழிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டார். இந்தச் சண்டை தெரு முழுக்கத் தெரியும். எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர், "இன்னா திண்டிவனத்தம்மா, தெரு இன்னிக்கி எந்த ஊர்ல கீது?" என்று கேட்டுவிட்டுத்தான் எனக்கு மல்லாட்டையே எடை போடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது முன்னறை மட்டும்தான். மாமனார் வேலையில் இருந்த காலத்தில், சாக்கடை மேல் கடப்பைக்கல்லைப் பரப்பி, தெருவில் சுவர் எழுப்பி, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை. பக்கத்து வீட்டுக்காரர் ஓரடி வந்தால் இவர் ஒன்றரை அடி வந்தார். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். என் அம்மா கொடுத்த தையல் மெஷினை அங்கே போட்டேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூடத்து யூனிபாரம், சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது என்று வேலை வந்துகொண்டே இருந்தது. ஹாலில் மாமனார் வைத்ததுதான் சட்டம், அடுப்படியில் அத்தை வைத்தது. முன்னறையில் நான். தெருப்பெண்கள் அளவு கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அவரவர் மாமியாரைத் தீர்த்துக் கட்டிவிட்டுப் போவார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தது, பேசியது எல்லாம் அந்த ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில்தான். அது போனால் நான் மறுபடியும் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தெருவை அகலப்படுத்தப் போவதாகப் பேச்சு வந்தது. சாக்கடை மேல் கட்டியதை எல்லாம் எடுக்கச் சொல்லி நகராட்சியிலிருந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. தெருக்காரர்கள் கூடி ஒரு மனு கொடுத்தார்கள். இந்தத் தெரு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இதே அகலம்தான், வாசற்படிகள் எல்லாம் எங்கள் பாட்டன் பூட்டன் வைத்தவை என்று. முதல் கையெழுத்து என் மாமனாருடையது. தான் கட்டிய அறையைத் தன் பூட்டன் கட்டினான் என்று கூசாமல் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. நானும் தைரியம் வந்து ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கிப் போட்டேன்.

மனுஷன் சும்மா இருந்திருக்கலாம்.

மாவட்டத்துக்கு மீசை முளைக்கிற வயசு வந்தபோது, ஊரில் ஒரு சங்கத்துக்காரர்கள் பழைய படங்களை வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். மாமனார் தெருப் படத்தைச் சுவரிலிருந்து ஆணியோடு பிடுங்கிக்கொண்டு ஓடினார். அதை ஆளுயரத்துக்கும் மேலே ஃப்ளெக்ஸ் போட்டு வைத்தார்கள். தலைப்பு, 'எங்கள் தெரு, அன்று'. கீழே உபயம் என்று போட்டு என் மாமனாரின் முகம், மாட்டுவண்டியைவிடப் பெரியதாக. மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, கையில் மைக்கையும் கொடுத்தார்கள். மைக் கிடைத்தால் விடுவாரா?

"கர்த்தர் சாட்சியா சொல்றேன், இது எங்க தெருதான். எங்க வூட்லயே ஒருத்தவங்க இத திண்டிவனம்னு சொல்லிக்கினு கீறாங்க. அவங்களும் நல்லா கேட்டுக்கட்டும்!"

கூட்டம் கைதட்டியது. பக்கத்து நாற்காலியில், அதே மாதிரி பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தவர் நகராட்சி ஆபீசர். அவர் கைதட்டவில்லை. மேடையை விட்டு இறங்கி, ஃப்ளெக்ஸுக்கு முன்னால் போய் நின்று, மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"சாக்கடை எங்க இருக்குது பாருங்க" என்றார் கூட வந்தவரிடம். "வீடெல்லாம் எவ்ளோ உள்ள இருக்குது! பூட்டன் வச்ச படின்னு மனு குடுத்தாங்களே, அந்தப் படி எங்கய்யா?"

நான் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வாரமே ஆபீசர் டேப்பும் ஆளுமாகத் தெருவுக்கு வந்துவிட்டார். கையில் அந்தப் படத்தின் ஜெராக்ஸ். தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. மளிகைக்கடைக்காரர் மாமனாரைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, ஒங்க போட்டோ பைத்தியத்துக்கு எங்க பொழப்புல ஆப்பு வச்சிட்டீங்களே! இது ஒனக்கே நல்லா கீதாய்யா?"

மாமனார் ஆபீசரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், அது எங்க தெரு இல்ல சார்."

"மைக்ல சத்தியம் பண்ணீங்களே?"

"வயசாயிடுச்சி சார், கண்ணு சரியா தெரியல. அது திண்டிவனம். எம் மருமவ ஊரு. கடைசில பாருங்க, பாறை."

"மேகம் மாதிரி இல்ல இருக்குது?"

"மேகம் இவ்ளோ கறுப்பாவா சார் இருக்கும்?"

அடப்பாவி மனுஷா! என் வார்த்தையை என் முன்னாலேயே எடுத்து விடுகிறார். அதோடு விடாமல் என் பக்கம் திரும்பி, "சொல்லும்மா, சார்ட்ட சொல்லு. தெனம் தெனம் சொல்லுவியே, இப்ப எதுக்கு வாய மூடிக்கினு நிக்கற?" என்றார்.

சொன்னேன். "ஆமா சார். அது எங்க ஊருதான். கல்யாணமாகி வந்த நாள்லேருந்து சொல்லிக்கினுதான் இருக்கேன்."

"ஆமா சார், சொல்லிக்கினேதான் கீது இந்தப் பொண்ணு" என்றார் மளிகைக்கடைக்காரர். இத்தனை வருஷம் என்னைப் பார்த்துச் சிரித்த தெரு, ஒரே நிமிஷத்தில் என் கட்சிக்கு வந்துவிட்டது. பாறை பாறை என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

ஆபீசர் முன்னறையை ஒரு பார்வை பார்த்தார். "இந்தத் தையல் கடை யாருது?"

"என்னுது சார்."

"அப்படிச் சொல்லுங்க!" என்று சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவும் இல்லை. ஆனால் நான் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த உண்மை அந்த ஒரு சிரிப்பில் கடைக்காகச் சொன்ன பொய்யாகிப் போனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஓடி, சுவரில் மறுபடி மாட்டியிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மாமனார் கையில் கொடுத்தேன்.

"பிரிங்க மாமா. பின்னாடி ஊர் பேரு இருக்கும். சாருக்குக் காட்டிடலாம்."

ஆபீசரும் டேப்பை மடக்கிவிட்டுக் காத்திருந்தார். "இருந்தா காட்டுங்க பெரியவரே, மேல எழுதிப் பாக்கறேன்" என்றார்.

மாமனார் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். விழுப்புரம் என்று இருந்தால் அறை போகும். திண்டிவனம் என்று இருந்தால் அவர் மானம் போகும். இரண்டையும் யோசித்துப் பார்த்திருப்பார் போல.

"வேணாம்மா" என்றார். "பிரிச்சா கிழிஞ்சிடும்."

"என் கடை போவுது மாமா!"

"கிழிஞ்சிடும்மா. அப்புறம் கெடைக்குமா இது?"

என் வீட்டுக்காரரைத் தேடினேன். டீ குடிக்கப் போயிருந்தார். ஆபீசர் டேப்பை மறுபடி பிரித்தார்.

அடுத்த வாரம் ஜேசிபி வந்தது. மத்தியானத்துக்குள் தெரு முழுக்க முன்பல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மெஷின்களை ஹாலுக்குத் தள்ளிவிட்டு, சேலை முனையை வாயில் வைத்து அடைக்காமல், தெருவுக்குக் கேட்கும்படி அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்? மளிகைக்கடைக்காரரும் தன் அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் தூசி அடங்கியதும் மாமனார் படத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். படத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். நடுத்தெருவில் நின்றுகொண்டு முகமெல்லாம் பல்லாக என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, வந்து பாரேன்! இப்பதாம்மா படத்துல கீற மாதிரியே கீது!"

எனக்குப் பற்றி எரிந்தது. தெருவின் கடைசியில் தெரிந்தது செல்போன் டவர். பாறையும் இல்லை, மேகமும் இல்லை. பேசினால் வாயில் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஹாலில் இருந்த அவருடைய சாய்வு நாற்காலியை மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அந்த இடத்தில் தையல் மெஷின். ஜன்னலோரம் ஓவர்லாக். படங்களுக்குக் கீழே கொடி கட்டித் தைத்த ஜாக்கெட்டுகளைத் தொங்கவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. பல் தேய்த்துவிட்டு வந்த மாமனார் நின்று பார்த்தார்.

"ஏம்மா, ஹால்லயா?"

"வேற எடம் எங்க மாமா இருக்குது?"

அத்தை ஒரு முக்காலியைக் கொண்டு வந்து வருகிறவர்கள் உட்காரப் போட்டுவிட்டுப் போனார்.

முதலில் வந்தவள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க வந்த பெண், கூட அவள் அக்காள், தங்கைகள். மாமனார் பழக்கதோஷத்தில் எழுந்து, "இது பாரும்மா, எங்க தெரு" என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, அளவு எடுக்கணும்" என்றேன். "செத்த வெளிய இருங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கதவைச் சாத்தினேன். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். முன்னறை இருந்த இடத்தில், ஒண்ட ஒரு கூரையும் இல்லாமல், உச்சந்தலையில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார். டேப்பை எடுத்து அந்தப் பெண்ணுக்குத் தோள் அளந்தேன். மறுபடியும் அளந்தேன். பிறகு அவள் அக்காளைக் கூப்பிட்டேன். ஒரு ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. நான் எடுத்துக்கொண்டேன்.