பதினான்காவது வரி

மூத்திரக் குழாயில் தொங்கும் பிளாஸ்டிக் பையை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார் ஆரோக்கியம்மாள் சிஸ்டர். சிசேரியன் முடிந்து தள்ளுவண்டி வார்டுக்கு வந்ததும் அவருடைய முதல் வேலை அதுதான். ஆணா பெண்ணா என்று சொந்தக்காரர்கள் குழந்தையைச் சுற்றி முண்டியடிக்கும்போது, இவர் மட்டும் தாயின் பையை இப்படியும் அப்படியும் திருப்புவார். வைக்கோல் நிறமாக இருந்தால், "சரி, அங்கிட்டுக் கொண்டு போங்க" என்பார். கொஞ்சம் சிவப்புத் தட்டினாலும், டாக்டர் வந்து பார்க்காமல் கட்டிலுக்கு மாற்ற விடமாட்டார்.

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டுவார். பேனாவைக் காயம் கட்டும் துணியில் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். "இந்த ஆஸ்பத்திரில கத்தி காணாமப் போவாது, பேனாதான் போவும்" என்பார். டீயை ஆறிப்போன பிறகுதான் குடிப்பார். சூடாகக் குடிக்க நேரம் கிடைத்ததில்லை, இப்போது அதுவே பழகிவிட்டது.

மூன்றாவது சிசேரியன் ஏன் ஆபத்து என்று கர்ப்பிணிகளுக்கு அவர் விளக்குவது தனி அழகு. "மூத்திரப்பை நம்ம கர்ப்பப்பைக்குப் பக்கத்து வீட்டுக்காரரு ஆத்தா. ஒவ்வொரு தடவ கிழிச்சுத் தைக்கையிலயும் கொஞ்சம் கிட்ட வருவாரு. மூணாவதுல சுவத்த ஒட்டிக் கட்டிப்புடுவாரு. பிரிக்கையில அவரு சுவரும் கிழிஞ்சு போவும்."

அப்படிக் கிழிந்தவர்களைப் பற்றித்தான் டாக்டர் அன்புமொழி மருத்துவ இதழுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பத்து வருடப் பதிவுகளைக் கணினியில் ஏற்றும் வேலை, ப்ளஸ் டூ முடித்துச் சும்மா இருந்த எனக்குக் கிடைத்தது. மருத்துவமனை ஃபைல்களில் பதிமூன்று பேர் இருந்தார்கள். சிஸ்டர் தனியாக எழுதி வந்த, காலண்டர் தாள் அட்டை போட்ட நீளநோட்டில் பதினான்கு பேர்.

அந்தப் பதினான்காவது குறிப்பு இது: "மூன்றாவது சிசேரியன். பையில் சிவப்பு. பார்த்தேன். வலி அதிகம் எடுத்ததால் இருக்கும் என்று நினைத்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை." அடியில் வேறு மையில்: "ஆறாம் நாள் மூத்திரம் ஒழுகுகிறதாம். இங்கே வராமல் தஞ்சாவூர் போய்விட்டார்கள்."

டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். ஆபரேஷன் செய்தவர் அவர்தான். "ஃபைல்ல இல்லையே சிஸ்டர். பதிமூணோட அனுப்பிருவோம். சேத்தா என் பேரும் கெடும், ஒங்க பேரும் கெடும்."

"கெடட்டும் மேடம். படிக்கிறவுங்க பதிமூணுன்னுல்ல நம்புவாக?"

"அந்தப் பொண்ணோட தஞ்சாவூர் பேப்பர் வேணும். அவங்க சம்மதமும் வேணும்."

"வாங்கிட்டு வாரேன்."

நானும் சிஸ்டரும் அறந்தாங்கியில் பஸ் மாறி ஜெகதாப்பட்டினம் போனோம். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் வீடு. அவரைப் பாசிலா என்று இங்கே எழுதுகிறேன். அது அவர் பெயர் அல்ல. சிஸ்டரைப் பார்த்ததும் வாசலை மறித்து நின்றார்.

"மூணு வருசமா பஸ் ஓடலையா சிஸ்டர்?"

"ஓடுச்சும்மா. எனக்குத்தான் ஏறத் தைரியமில்ல." சிஸ்டர் செருப்பைக் கழற்றவில்லை. "அன்னைக்கு ஒன் பைய நான் பாத்தேன். செவப்பா இருந்துச்சு. சொல்லிருந்தா அன்னைக்கே தச்சிருப்பாக. சொல்லாம விட்டது நான்."

பாசிலா வாசலை விட்டு விலகினார். பிறகு உள்ளே போய்ப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய தஞ்சாவூர் ஃபைலைக் கொண்டுவந்தார். கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணு மாசம் ஒழுகிக்கிட்டே கெடந்தேன். புள்ள பெத்த நாப்பது கழிஞ்சும் அந்தத் துணியோட தொழுகப் பாயில நிக்க மனசு வரல. அதையும் எழுதுவாகளா?"

சிஸ்டர் பொய் சொல்லவில்லை. "அதுக்கு அந்தப் பட்டியல்ல கட்டம் இல்லம்மா."

"இல்லாமத்தான் இருக்கும்" என்றார் பாசிலா. ஆனாலும் ஃபைலை நீட்டினார். "பேரு மட்டும் போட்டுறாதீங்க. டீ குடிச்சிட்டுப் போங்க." அன்றுதான் சிஸ்டர் சூடாக டீ குடித்து நான் பார்த்தது.

எட்டு மாதம் கழித்துக் கட்டுரை வந்தது. அட்டவணையில் பதினான்கு வரிகள். வயது, எத்தனையாவது சிசேரியன், எப்போது கண்டுபிடித்தார்கள், எத்தனை நாளில் ஆறியது என்று கட்டம் கட்டமாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லுமிடத்தில் சிஸ்டரின் பெயரும் இருந்தது. டாக்டர் அதைத்தான் விரலால் காட்டினார். சிஸ்டர் தலையாட்டிவிட்டு அட்டவணைப் பக்கத்துக்குத் திரும்பினார். ஸ்கேல் கேட்டு வாங்கி, தாளின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். அட்டவணைக்குப் புதிதாக ஒரு கட்டம் வந்தது. பதினான்காவது வரிக்கு நேரே, கழுத்துப் பேனாவால், "நாற்பது கழிந்தும் தொழவில்லை" என்று எழுதினார்.

அதற்கு மேலே பதிமூன்று இடங்கள் காலியாக இருந்தன. அவற்றைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையைத் திருப்பிப் பஸ்ஸுக்கு மணி பார்த்தபடி, மற்றவர்களின் முகவரி இருந்த நீளநோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தார்.