மணிக்கட்டில் ஒரு விரல்

தனசேகரண்ணன் போய்விட்ட செய்தி, ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்ஸில் என் கைபேசிக்கு வந்தது. லைன் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் படமும் அதன் கீழே கைகூப்பிய குறிகளும் இருந்தன. நான் நம்பவில்லை. குழுவில் வருவதை நம்பாதே என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். அவர் எண்ணுக்கே போன் போட்டேன். அவர் மனைவி சரோஜாக்கா எடுத்து, "நெசந்தாம்பா, வூட்டுக்கு வா" என்றார். அவர் வீடு இருந்த படப்பையில் இறங்கிக்கொண்டேன்.

ஒரகடத்தில் எங்கள் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவர் பாலிஷ் பிரிவு, நான் தரச்சோதனை. சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் உண்டு. அவரோ சம்பளம் வாங்காமலே சந்தேகப்பட்டார். கேன்டீன் சாம்பாரை முகர்ந்து பார்த்துத்தான் ஊற்றிக்கொள்வார். தெற்கிலிருந்து பிழைக்க வந்த எனக்குத் தன் வீடு எந்தத் தெரு என்பதைச் சொல்லவே அவருக்கு வெகுநாள் ஆயிற்று.

முதன்முதலாக அங்கே போனபோதுதான் அவருடைய பழைய சவரக்கத்திகளைப் பார்த்தேன், மடக்கும் வகை. துருவேறியதை வாங்கி மண்ணெண்ணெயில் ஊறப்போடுவார். வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்ப்பார். கடைசியில் துணியில் பச்சை சோப்பைத் தடவிக் கையாலேயே மெருகேற்றுவார். பாலிஷ் கட்டியைத்தான் நாங்கள் சோப்பு என்போம். நாளெல்லாம் மிஷினில் நிற்கிற மனிதர், கத்தியை மட்டும் மிஷின் பக்கமே கொண்டுபோக மாட்டார்.

"சூடு ஏறிச்சின்னா இரும்போட உசுரு பூடும். பாக்க பளபளன்னுதான் கீதும். அங்கதான் சந்தேகப்படணும்" என்பார்.

ஒருமுறை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு பழம்பொருள் வியாபாரி கண்ணைப் பறிக்கும் கத்தி ஒன்றைக் கொண்டுவந்தார். அண்ணன் அதை நகத்தால் தட்டிக் காதருகே வைத்தார். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தார். அடைத்திருந்த சோப்பு கரைந்து, மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. "நம்பிக்கை இருந்தா வாங்கு, இல்லாட்டி வுடு" என்று வியாபாரி சீறினார். "நம்பிக்கய வச்சிக்கினு சவரம் பண்ண முடியாதுபா. கழுத்துல வைக்கிற சாமான் இது" என்றார் அண்ணன்.

எந்த சலூனுக்கும் அவர் கழுத்தை நீட்டியதில்லை. பக்கவாதம் வந்து வலக்கை விழுந்தபோது தாடி மண்டியது. சரோஜாக்காவின் தம்பி குமார், அவனும் பாலிஷ் பிரிவுதான், நான் செய்கிறேன் என்று கெஞ்சினான். அவனை விட்டுவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்.

"என்னைய எதுக்குண்ணே? மச்சினரு இருக்காருல்ல?"

"அவன் என்னிய நம்புறான். நம்புறவன் கை அசால்ட்டா போவும். நீ எதையும் நம்பமாட்டே."

புகழ்கிறாரா, வைகிறாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். கத்தியை நான் எடுத்ததும் அவருடைய இடது ஆட்காட்டி விரல் என் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே. ஒருநாள் எரிச்சலில், "விரல எடுங்கண்ணே, இடைஞ்சலா இருக்கு" என்றேன். "நீ பண்ணு. அது பாட்டுக்கு இருக்கும்" என்றார். கடைசிவரை எடுக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் வலித்தது.

சாவு வீட்டில், குளிப்பாட்டும் முன் முகம் மழிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். குமார் ஒரு கத்தியை நீட்டினான். கண்ணாடி மாதிரி மின்னியது. அதுவே எனக்கு உறுத்தியது.

"மாமா கத்திதாண்ணா. கடைசியா நல்லா இருக்கட்டும்னு காலைல பட்டறைல மிஷின்ல போட்டுக்கினு வந்தேன்."

வெளிச்சத்தில் திருப்பினேன். மிஷின் சூட்டில் விளிம்போரம் நீலம் பாய்ந்திருந்தது. உயிர் போன இரும்பு. யாரோ ஒரு பெரியவர், "இனிமே அவனுக்கு இன்னாபா, சட்டுனு முடி" என்றார். நான் சரோஜாக்காவிடம் அண்ணனின் பெட்டியில் இருந்த மங்கலான கத்தியைக் கேட்டு வாங்கி, தோல்வாரில் தீட்டினேன். குமார் தன் கையிலிருந்ததைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு அன்பை வேறெப்படித்தான் காட்டுவான்?

நுரை தடவிக் கத்தியைக் கன்னத்தில் வைத்தேன். கை ஓடவில்லை. மணிக்கட்டில் கனம் இல்லை. முதன்முறையாக என் கையையே நான் சந்தேகப்பட்டேன்.

"அக்கா, இங்க ஒரு விரல வைங்க" என்றேன்.

தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்ற சரோஜாக்கா அதைத் தரையில் இறக்கினார். ஈர விரலை என் மணிக்கட்டில் வைத்தார். அண்ணன் முகத்தில் ஒரு கீறல் விழாமல் முடித்தேன்.

இப்போது அண்ணனின் கத்திகள் குமாரிடம் இருக்கின்றன. மண்ணெண்ணெயும் துணியுமாகக் கையால் தேய்க்கத் தொடங்கியிருக்கிறான். என்னிடம் இருப்பது அந்த விரல் மட்டும். லைனில் ஒரு பாகம் அளவுக்கு மீறிப் பளபளத்து வந்தால் மணிக்கட்டில் அது கனக்கிறது. அதைத் தனியே எடுத்து வைத்து, நகத்தால் தட்டிக் காதருகே கொண்டுபோகிறேன்.