கரை இறங்காத இரண்டு தலைகள்

சுற்றுலாவுக்கு ஆட்களை அழைத்துப் போகிறவனுக்கு ஊர்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தலை எண்ணத் தெரிந்தால் போதும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் போல்ட்டும் வாஷரும் எண்ணிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் வியர்த்துவிடும். எங்கள் தெருவில் ஒற்றை அறையில் டிராவல்ஸ் நடத்தும் ராஜேந்திரன் இதெல்லாம் தெரிந்துதான் என்னைக் கூப்பிட்டார். பேசுவதற்கு அங்கங்கே கைடு இருப்பார், நீங்கள் கூட்டிப்போன ஆட்களை முழுசாகக் கூட்டிவந்தால் போதும் என்றார். அப்படித்தான் இந்த வயதில் கப்பல் ஏறினேன். சென்னையில் கிளம்பி, இலங்கையில் மூன்று துறைமுகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணம். என்னோடு சேர்த்து இருபத்து நாலு தலை. சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிக் குற்றாலம் போய்வந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். உங்கள் வேன் கடலில் மிதக்கிறதாக நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆறாவது ஸ்டேஷன்

துறைமுகத்தில் பாஸ்போர்ட் பார்க்கும் வரிசையில்தான் தணிகாசலத்தையும் அவர் மனைவி சகுந்தலாவையும் முதலில் கவனித்தேன். தணிகாசலம் புறநகர் மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணனூரில் சொந்த வீடு. ஐ.டி. வேலையில் இருக்கும் மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, இரண்டு பேரையும் கிட்டத்தட்டத் தள்ளி அனுப்பியிருந்தாள். கப்பலில் ஆளுக்கொரு அட்டை தருவார்கள். அறைக் கதவைத் திறப்பதும் அதுதான். துறைமுகங்களில் இறங்கும்போதும் ஏறும்போதும் காட்ட வேண்டியதும் அதுதான். தணிகாசலம் இரண்டு அட்டைகளையும் தன் சட்டைப் பையில் போட்டு, பையின் வாயில் ஊக்கு குத்திக்கொண்டார்.

சகுந்தலாவின் காலில் புத்தம்புது கான்வாஸ் ஷூ. புடவைக்குக் கீழே பளிச்சென்று தெரிந்தது. நான் எதையும் கேட்கிற ஆள் இல்லை. நான் ஷூவைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார். கப்பல் மேல் அவருக்கு அப்படியொன்றும் ஆசை இல்லையாம். வேறொரு தேசத்து மண்ணில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். "வேப்பம்பட்டுல பொறந்தேண்ணே. ஆறாவது ஸ்டேஷன் அண்ணனூரு, அங்க வாக்கப்பட்டேன். ரயில்காரரு பொண்டாட்டின்னு பேரு, மொத்தமே ஆறு ஸ்டேஷன்தான் வந்துகீறேன்."

ஆரஞ்சு ஜாக்கெட்

கப்பல் கிளம்புவதற்கு முன் எல்லாரையும் ஒரு தளத்தில் கூட்டி, ஆபத்து வந்தால் எங்கே வந்து நிற்க வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கள் ஆட்கள் ஜாக்கெட்டை மாட்டியது போட்டோவுக்காக. தணிகாசலம் ஒருவர்தான் பாடமாகக் கேட்டார். பிறகு பக்கவாட்டில் தொங்கும் படகுகளை எண்ணினார். ஒரு படகில் எத்தனை பேர் என்று விசாரித்துப் பெருக்கினார். வந்த விடையை என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார். சரியாகவே இருந்தது. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

அது மாலை டிபன்வரைதான் நீடித்தது. எல்லாரும் தட்டோடு வரிசையில் நிற்க, இவர் ஜாக்கெட்டோடு வந்து நின்றார். நெஞ்சுக்கு முன்னால் அது புடைத்துக்கொண்டிருந்ததில் தட்டு அவர் கண்ணுக்கே தெரியவில்லை. வாழைக்காய் பஜ்ஜியைக் கையால் துழாவி எடுத்தார். சகுந்தலா தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மேசை தள்ளிப் போய் உட்கார்ந்தார், யாரோ எவரோ என்பதுபோல. கழற்றிவிடலாமே என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னதற்கு, ஆபத்து என்ன போன் பண்ணிவிட்டா வரும் என்று என்னையே கேட்டார். கப்பலின் வரவேற்பு மேசையில் மேரி என்று ஒரு நாகர்கோவில்காரப் பெண் இருந்தாள். கடைசியில் அவள்தான் வந்து அவர் காதருகே குனிந்து, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "சார், கப்பல இன்னும் அவுக்கல. சென்னையிலதான் கட்டிப் போட்டிருக்கு."

பாஸ்கரின் கைக்குட்டை

மறுநாள் முழுக்கக் கடல். மேல்தளத்தில் நீச்சல் குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அம்பத்தூர் ஓ.டி.யில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாஸ்கர், எழுந்ததும் முதல் வேலையாக நிழலில் இருந்த நான்கு நாற்காலிகளைத் தேர்ந்தெடுத்தார். ஒன்றில் கைக்குட்டை, ஒன்றில் சீப்பு, ஒன்றில் மனைவியின் துப்பட்டா, பொருள் தீர்ந்துபோனதால் நான்காவதில் தன் ஒற்றைச் செருப்பு. இப்படி இடம் பிடித்துவிட்டுத் தோசை சாப்பிடப் போனார். ஊழியர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்தார். யாரும் வராததால் நான்கையும் தனித்தனிப் பையில் போட்டு, தொலைந்த பொருள் என்று வரவேற்பு மேசையில் சேர்த்துவிட்டார்.

பாஸ்கர் ஒரு காலில் செருப்போடு மூன்று தளம் இறங்கிப் போய், கையெழுத்துப் போட்டு எல்லாவற்றையும் வாங்கி வந்தார். தணிகாசலத்துக்கு ஊழியர் செய்ததுதான் நியாயம். சீப்புக்கெல்லாம் சீட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார். சகுந்தலா இந்தப் பஞ்சாயத்திலேயே சேரவில்லை. காலையிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்காவது கரை தெரிகிறதா என்று பார்த்தபடி நின்றிருந்தார். பாஸ்கர் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஆவடி வண்டில கர்ச்சீப் போட்டா எவனாவது தொடுவானா நைனா? பத்து மாடி கட்டிகீறானுங்க, ஒரு கர்ச்சீப்புக்கு மரியாத தெரில."

முதல் கரை

அம்பாந்தோட்டை வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னதுதான் தாமதம், எங்கள் ஆட்கள் பைகளோடு போய்க் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணனூர் தாண்டியதுமே ஆவடிக்கு எழுந்து நிற்கும் பழக்கம் கடலிலும் போகவில்லை. கப்பல் கரையணைந்து, கயிறு கட்டி, ஏணிப்படி வைத்து, கதவைத் திறக்க வெகுநேரம் ஆனது. அதுவரை ஒருவரும் நகரவில்லை. நகர்ந்தால் இடம் போய்விடுமே.

எண்ணிப் பார்த்தேன், இரண்டு தலை குறைந்தது. மேலே போனால், தணிகாசலம் கம்பி ஓரமாக நின்று கீழே கயிறு சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சகுந்தலா ஷூவோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தணிகாசலம் இறங்கப் போவதில்லையாம். அவர் இறங்காததால் மனைவியும் இறங்கப் போவதில்லையாம். கப்பல் மாலையில்தான் கிளம்பும் என்றேன். நேரத்தை அட்டையில் அச்சடித்திருப்பதைக் காட்டினேன். பிளாட்பாரத்தில் செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கமாக ஓடிவந்து வண்டியை விட்டவர்களை வாழ்நாள் முழுக்கப் பின்பெட்டியிலிருந்து பார்த்தவர் அவர். "நான் மணிய ரெண்டு தட்டு தட்டினா வண்டி கெளம்பிரும். அப்புறம் மாமியாரே ஓடியாந்தாலும் நிறுத்த மாட்டேன். நிறுத்தினதும் இல்ல, இவளக் கேளு. இன்னொருத்தன் தட்டற மணிய நம்பி நான் எறங்கறதா?"

ஒரு கவர் மண்

திருகோணமலையிலும் இதே கதை. இருபத்து இரண்டு பேர் இறங்கினோம், கோயிலுக்குப் போனோம், கடற்கரையில் நின்றோம், எல்லாரும் ஒரே கடையில் ஒரே தேயிலைப் பொட்டலத்தை வாங்கினோம். எண்ணிக்கை ஒருமுறைகூடப் பிசகவில்லை. ஆனால் திரும்பி ஏறும்போது மேலே நிற்கும் அந்தப் பெண்மணியை நிமிர்ந்து பார்க்கத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. ராஜேந்திரன் சொன்னபடி பார்த்தால் என் வேலையில் குறையில்லை. இருந்தாலும் ஒரு கரைதான் பாக்கி.

பாஸ்கருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. இரவு உணவின்போது ஒரு பாலிதீன் கவரை எடுத்துவந்து சகுந்தலாவின் முன்னால் வைத்தார். உள்ளே கடற்கரை மணல். இதை அறையில் கொட்டி மேலே ஏறி நின்றுகொள்ளுங்கள் அக்கா, இலங்கையில் நின்ற கணக்குதான் என்றார். மேசையே சிரித்தது. தணிகாசலம் மட்டும் சிரிக்காமல் கவரை நகர்த்தி வைத்து, வெளிநாட்டு மண்ணைக் கொண்டுவர அனுமதி உண்டா என்று விசாரிக்கத் தொடங்கினார். சகுந்தலா கவரைத் தொடவே இல்லை. தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மண்ணு வந்துச்சு தம்பி, சரி. நான் போவலியே."



தொலைந்த அட்டை

கடைசித் துறைமுகம் காங்கேசன்துறை. யாழ்ப்பாணம் போக பஸ் வந்து நின்றது. தணிகாசலம் வழக்கம்போலக் கயிற்றை மேற்பார்வை பார்க்க மேல்தளத்துக்குப் போய்விட்டார். நான் வரவேற்பு மேசையருகே நின்று, இறங்குகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். சகுந்தலா தனியாக வந்தார். ஷூவின் கயிறு இறுக்கி முடியப்பட்டிருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, நேரே மேரியிடம் போய்த் தன் அட்டை தொலைந்துவிட்டது, இன்னொன்று வேண்டும் என்றார்.

மேரி கம்ப்யூட்டரில் பெயரைத் தேடிக்கொண்டே, எங்கே தொலைத்தீர்கள் என்று தெரியுமா அம்மா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டாள். தெரியுமே, எங்க ஊட்டுக்காரரு சட்டப் பையில என்று சகுந்தலா பதில் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர் என்று தெரிந்தது. நான் வேறு பக்கம் திரும்பி, ஏற்கெனவே எண்ணியவர்களையே மறுபடி எண்ணத் தொடங்கினேன். மேரி ஒரு நொடி யோசித்தாள். சிரிக்கவில்லை. இயந்திரத்திலிருந்து புது அட்டையை உருவி இரண்டு கையாலும் நீட்டினாள்: "அங்க தொலைஞ்சா கெடைக்காதும்மா. புதுசே வச்சுக்குங்க."

வெள்ளைத் துண்டு

பஸ்ஸில் ஏறச் சொன்னேன், சகுந்தலா மறுத்துவிட்டார். பஸ்ஸில் உட்காருவதற்கா ஷூ வாங்கினேன் என்றார். துறைமுக வாசலுக்கு வெளியே நாலைந்து கடைகள் இருந்தன. அதுவரை நடந்தே போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மற்ற இருபத்தொரு பேரையும் உள்ளூர் கைடிடம் எண்ணி ஒப்படைத்துவிட்டு, நான் மேல்தளத்துக்குப் போனேன். ஒரு தலை கீழே, ஒரு தலை மேலே. இரண்டும் தெரிகிற இடம் அது ஒன்றுதான்.

விஷயத்தைச் சொன்னதும் தணிகாசலம் முதலில் ஊக்கைக் கழற்றிச் சட்டைப் பையைப் பார்த்தார். இரண்டு அட்டையும் இருந்தன. பிறகுதான் கீழே பார்த்தார். ஒரு டீக்கடை பெஞ்சில் மனைவி உட்கார்ந்து, கடைக்கார அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தது சின்னதாகத் தெரிந்தது. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, திரும்பி வா என்று வீசத் தொடங்கினார். சகுந்தலா நிமிர்ந்து பார்த்தார், மறுபடி பேசப் போய்விட்டார். நாம் இறங்கிப் போய்க் கூட்டிவரலாமே என்றேன். அதெப்படி, ஒருவராவது கப்பலில் இருந்தால்தான் கேப்டனிடம் சொல்லி நிறுத்த முடியும் என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு கணக்குதான். கை மாற்றி மாற்றி வீசினார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. நான்தான் இரண்டு சப்பாத்தியைச் சுருட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சகுந்தலா நடுவில் எழுந்து கடைத்தெருவில் மறைந்தபோது தணிகாசலத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு கையில் வாழைப்பழச் சீப்போடு அதே பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்ததும்தான் மூச்சு விட்டார்.

பஸ் திரும்பியது. இருபத்தொரு பேரும் ஏறிவிட்டார்கள். கப்பல் கிளம்ப இன்னும் நிறைய நேரம் இருந்தது. ஆனால் வெறிச்சென்று கிடந்த படிக்கட்டைப் பார்த்ததும் தணிகாசலத்துக்குத் தாங்கவில்லை. விறுவிறுவென்று இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். கடைசிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காவலரிடம் கிளம்பும் நேரத்தைக் கேட்டார். என் கைக்கடிகாரத்தையும் தன் கடிகாரத்தையும் ஒப்பிட்டார். அப்புறம், குளிர்ந்த தண்ணீரில் வைப்பதுபோல ஒரு காலைக் கீழே வைத்தார். அடுத்த கால் வைத்ததும் ஓட்டம்தான்.

சகுந்தலா எழுந்துகொள்ளவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். பக்கத்தில் இன்னொரு டீ, தட்டு போட்டு மூடி வைத்திருந்தது. தணிகாசலம் மூச்சிரைக்க நின்று, கப்பல் அங்கேயேதான் இருக்கிறதா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து கை ஓய வீசியும் ஏன் வரவில்லை என்று கேட்டார். சகுந்தலா தட்டை எடுத்துவிட்டு டம்ளரை அவர் கையில் கொடுத்தார். "அது நீங்களா? எவனோ மேல துணி ஒதர்றான்னு நெனச்சுகினேன். சரி, சூடு போறதுக்குள்ள குடிங்க. குடிச்சிட்டு, அந்தாண்ட ஒரு மரம் கீது, அதுவரிக்கும் நடந்துட்டு வரலாம்."

கடலைத் தாண்ட வைப்பது கப்பலின் வேலை, ஆனால் அந்தக் கடைசி ஒரு படியைத் தாண்ட வைப்பது யாருடைய வேலை என்று எங்கள் டிராவல்ஸ் ஆபீஸில் இன்னும் முடிவாகவில்லை, நான் மட்டும் அதற்குச் சம்பளம் கேட்கப்போவதில்லை.