அக்கா தூங்கிய மூன்று நிமிடம்

விசில் மூன்று முறை ஊதியபோது அக்கா கூடாரத்து நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த சுற்றுக்கு இன்னும் மூன்று நிமிடம். எழுப்பக் கையை நீட்டினேன். அவள் காலுறையின் விரல் பக்கம் ரத்தம் ஊறியிருந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்து வழியாக மலையேறி இறங்கும் ஓட்டப் பந்தயப் பாதை அது. மணிக்கொரு முறை எல்லாரும் ஒன்றாகக் கிளம்பி ஒரு சுற்றை முடிக்க வேண்டும். அடுத்த விசிலுக்குக் கோட்டில் இல்லாதவர் வெளியே. கடைசியாக மிஞ்சுபவர் ஒருவருக்கே வெற்றி. தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டிய அம்மாவுக்கு இதை விளக்கியபோது சிரித்துவிட்டார். "காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு லேட்டா போனா கணக்கு எழுதுற கிராணி பேர் எடுக்க மாட்டாரு, அந்த மாதிரிலா? நாங்க சம்பளத்துக்கு ஓடுனோம். இவ காசு கட்டி ஓடுறா!"

அக்கா பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுக் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனவள். தம்பி படிக்கட்டும் என்று வீட்டில் முடிவெடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பெருமைக்குள் அவளுடைய வகுப்பறையும் இருக்கிறது என்பது எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை.

போன ஆண்டு இரவெல்லாம் ஓடி, அந்த இரண்டாம் நாள் காலையில் மிஞ்சியவர்கள் அக்காவும் ஒரு சீன அங்கிளும் மட்டுமே. அங்கிள் கோட்டில் நின்றபடி எங்கள் கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி விசில் ஊதியது. அவர் மட்டும் தனியாகக் கிளம்பினார், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

அக்கா விழித்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"காலெல்லாம் ரத்தம்க்கா. பாவமா இருந்துச்சு."

"ஸ்கூல நிறுத்துனப்பவும் என்னை யாரும் கேக்கல. இன்னிக்கு நீயுமாடா?"

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

இந்த ஆண்டு மறுபடி ஓடினாள். "நீயே வாடா, வேற ஆளு எதுக்கு" என்று உதவிக்கு என்னையே கூப்பிட்டாள். மாலைக்குள் முட்டி வீங்கிவிட்டது. இன்னும் ஆறு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதே போல் நாற்காலியில் தூங்கிப்போனாள். விசில் ஊதிய உடனே தோளைப் பிடித்து உலுக்கினேன். "அக்கா, மூணு நிமிசம்."

எழுந்தாள். முட்டியை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"போதும்டா," என்றாள்.

நடுவர் மேசைக்கு அவளே நொண்டிக்கொண்டு போனாள். நான் பின்னால் போகவில்லை. மார்பில் குத்தியிருந்த எண் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஏதோ சொல்லி அவரைச் சிரிக்கவைத்தாள்.