பந்தாட்டக் குழுவுக்கு உழைத்த எங்கள் அண்ணன்

எங்கள் குடும்பத்துக்கு மூத்தவரான அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. மலாய் நாட்டில், திகாம் பத்துவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா மலேரியாவில் போய்விட, சிறு வயதிலேயே பால்மரம் வெட்டி அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார்.

அவருக்கிருந்த ஒரே ஆசை தோட்டத்துப் பந்தாட்டக் குழு. வெள்ளைக்காரத் துரை இருந்தவரை பந்தும் சட்டையும் ஆபீசிலிருந்து வந்தன. ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடிவிட்டார், எல்லாம் நின்றுபோயிற்று. அதன்பின் பயிற்சி கொடுப்பது, கோடு போடுவது, பந்து தைப்பது எல்லாம் அண்ணன்தான். பையன்கள் பசியோடு ஓடக்கூடாதென்று வீடு வீடாக மரவள்ளிக்கிழங்கு கேட்டு வாங்குவார். அதை அவித்துக் கொடுத்தவர்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள். ஆண்களில் பாதிப்பேர் திடலோரம் நின்று குறை சொன்னதோடு சரி.

துரை போனபின் ஜப்பான்காரனுக்காகத் தோட்டத்தை நடத்தியவர் ஆபீசில் கணக்கெழுதிய கிராணி. ஒருநாள் அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார்.

“சுங்கை பட்டாணியில மேட்ச் தம்பி. ஜெயிச்சா அரிசி தருவாங்க. பையன்களக் கூட்டிட்டு வா, லோரி வரும்.”

“எத்தன பேரு ஐயா?”

“எத்தன பேர்னாலும் சரி. வலுவா இருக்கணும்.”

“பந்து கொண்டு வரவா?”

“பந்து எதுக்குலா?” என்றவர், “அங்கேயே இருக்கும்” என்று மழுப்பினார்.

அண்ணனுக்கு விளங்கிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் அரிசி தருவதாகச் சொல்லி ஏற்றியவர்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். பையன்களைச் செமிலிங்கில் இருந்த தம் மலாய் நண்பர் இஸ்மாயில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, லோரிக்கு முன் தனியாக வந்து நின்றார். கிராணி அவரை அறைந்து, அவரையே ஏற்றச் சொன்னார். அம்மா காலில் விழுந்தார்கள். புதுச் செருப்பில் சேறு படுமென்று கிராணி காலை இழுத்துக்கொண்டார்.

சயாமில் பட்டதை அண்ணன் சொன்னதில்லை. ஜப்பான்காரன் தோற்றபின் திரும்பியபோது வலது காலில் சதை அழுகிக் குழி விழுந்திருந்தது. பிறகு அவர் ஓடவே இல்லை.

திரும்பி வந்து குழுக் கூட்டத்துக்குப் போனவர் கண்டதென்ன? குழுவின் தலைவர் நாற்காலியில், மாலையும் கழுத்துமாக அதே கிராணி! பந்து, சட்டை எல்லாம் தம் செலவு என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எந்தப் பையன்களைச் சாகக் கொடுக்கப் பார்த்தாரோ, அவர்களைப் பெற்றவர்களும் கைதட்டினார்கள்.

“பழச விடு தம்பி. குழுவுக்கு டூய்ட் வேணுமில்ல? காசில்லாம பந்து ஏது?” என்றார் ஒருவர்.

“அந்த ஆளு வாங்கித் தர்ற பந்த நான் தொட மாட்டேன்ணே,” என்று அண்ணன் எழுந்து வெளியேறினார். ஒளிந்து பிழைத்த பையன்கள் அத்தனை பேரும் பின்னால் போனார்கள். அவர்களை வைத்து, வெறுங்கால் ஆட்டக்காரர்களாக, வேறொரு குழுவைத் தொடங்கினார். கடைசியாகப் படுக்கையில் விழும்வரை அதை நடத்தினார்.

அவரை மருத்துவமனையில் பார்த்துக்கொண்டவர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் பெயரில் வெள்ளிக் கோப்பை வைக்க உங்களில் பலர் போட்டி போடுகிறீர்கள். கோப்பையில் உங்கள் பெயரும் வரும் அல்லவா! திடலில் புல் முழங்காலுக்கு வளர்ந்து கிடக்கிறது. கோப்பை வேண்டாம், ஞாயிறு காலையில் ஆளுக்கொரு பாராங் கத்தியோடு புல் வெட்ட வாருங்கள். இதுவரை வந்தவர் இஸ்மாயிலின் மகன் ஒருவர்தான். அவருக்கு என் நன்றி.