லேபிளில் விடுபட்ட எழுத்து

ஒச்சாயி பள்ளிக்கூட வாசலை மிதித்தவளில்லை. கணவன் ராக்கையாவோடு உசிலம்பட்டிப் பக்கமிருந்து நல்லூருக்குப் பிழைக்க வந்தபோது, கையெழுத்துப் போட மட்டும் பழகியிருந்தாள்.

பனியன் கம்பெனியில் கழுத்து லேபிள் தைக்கும் வேலை. நாளெல்லாம் கண்முன்னே இங்கிலீஷ் எழுத்துகள். வாசிக்கத் தெரியாத அவற்றுக்கு அவளே பெயர் வைத்துக்கொண்டாள். வட்டமானது வளையல். நெளிவது பாம்பு. மூன்று பல் நீட்டியது சீப்பு. தலையில் குறுக்குக்கட்டை உள்ளது சுத்தியல். 'காட்டன்' என்ற சொல்லில் இரண்டு சுத்தியல் அடுத்தடுத்து வரும்.

2006 ஐப்பசியில் புது லேபிள் கட்டு வந்தது. பத்துப் பீஸ் தைத்திருப்பாள், கை நின்றுவிட்டது. மாதிரி பனியனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சூப்பர்வைசர் நாச்சிமுத்துவிடம் போனாள்.

"ண்ணே, மாதிரியில சுத்தியல் ரெண்டு இருக்கு. இதுல ஒண்ணுதாண்ணே இருக்கு."

"ஏனம்மிணி, எப்பப் படிச்சீங்க இங்கிலீசு?"

லைனே சிரித்தது. பக்கத்து மிஷின் விஜயராணியும் சிரித்தாள்.

"நாளைக்கு லோடு ஏறோணும். போய்த் தைங்க."

தைத்தாள்.

இரண்டு மாதத்தில், லேபிளில் எழுத்துப் பிழை என்று சரக்கு முழுக்க வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது. முதலாளி சுப்பண்ணன் லைனுக்கே வந்து நின்றார்.

"லேபிள் தெச்சது இவங்கதானுங்க" என்றார் நாச்சிமுத்து.

"நான் அன்னைக்கே சொன்னேன்யா!"

"சொன்னாங்களா?" முதலாளி சுற்றிலும் பார்த்தார். அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரும் மிஷின்மேல் குனிந்துகொண்டார்கள்.

ஆபீசில் இங்கிலீஷில் அடித்த தாள் ஒன்றை நீட்டினார்கள். என்னவென்று கேட்டாள். "ஒண்ணுமில்லீங்க, சும்மா பைலுக்கு. கையெழுத்துப் போட்டுட்டுப் போய் வேலயப் பாருங்க." போட்டாள்.

மறுநாள் வாட்ச்மேன் ஆறுச்சாமி கேட்டில் மறித்தார். "தப்ப ஒத்துக்கிட்டு நீங்களே வேலய உட்டு நின்னுட்டதா எழுதிக் குடுத்திருக்கீங்களாமே, அம்மிணி?"

"என்னன்னு கேக்காம எதுக்குடி போட்ட?" என்று ராக்கையா கத்தினான்.

"கேட்டேன். வேலையப் பாருன்னுதான் சொன்னாக."

சேதி நல்லூர் முழுக்கப் பரவிவிட்டது. எந்த யூனிட்டிலும் சேர்க்கவில்லை. கடைசியில் அவிநாசிபாளையம் ரோட்டில் ஒரு வேஸ்ட் குடோனில் வெட்டுத்துணியைக் கலர் பிரித்துப் போடும் வேலை கிடைத்தது. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கியது. ஒரு வருஷத்தில் இருமல் நிரந்தரமானது.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் விஜயராணி பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அன்னைக்கு நானாவது வாயத் தொறந்திருக்கணும்க்கா. எனக்கும் பயம். மனசு கேக்கவே மாட்டேங்குது."

ஒச்சாயி முந்தானையால் வாயைப் பொத்தி இருமினாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.